அத்தை வீட்டுச் சாப்பாடு

மூடிய பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாத்தனாரோடு சண்டை போடக் கிளம்பினாள் வாசிதி. உள்ளே தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரை. மகள் செனிமிலிக்காக எடுத்து வைத்தது, தொடாமலே ஆறிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் முடிந்து ஊரே சாப்பிட உட்கார்ந்திருந்தது. எங்கள் பிஜிக் கிராமங்களில் வாசலைத் தாண்டுகிறவரைக் கூப்பிடாமல் யாரும் ஒரு வாய் சாப்பிடுவதில்லை.

"வாசிதி, வந்து சாப்பிட்டுப் போ!"

"சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டுப் பசியோடு நடந்தாள்.

உனைசி, அவள் புருஷனுடைய அக்கா, பாயில் தனியாக உட்கார்ந்து மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையில்லாதவள். சொந்தத்தில் ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்பது எங்கள் ஊரில் சகஜம். செனிமிலியை எடுத்துக்கொண்டுவிடுவாளோ என்ற பயம்தான் வாசிதியை வாரக்கணக்கில் தின்றுகொண்டிருந்தது.

"வாடி பூசணிக்கா! உட்காரு, சாப்பிடு."

"சாப்பிட வரல அண்ணி. என் பொண்ணைக் கேட்க வந்தேன்."

"ஏன், எங்கயாவது தொலைச்சிட்டியா?"

"கிண்டல் வேண்டாம். பிள்ளை வேணும்னா வாய் திறந்து கேட்டிருக்கணும். இப்படிச் சோத்தைக் காட்டி இழுக்கக் கூடாது."

உனைசி சிரித்தாள். "பைத்தியமாடி உனக்கு?"

"ஆமா, பைத்தியம்தான்! என் சமையல் அவளுக்கு வேண்டாம். 'அத்தை வீட்டுல சாப்பிட்டுட்டேன்'னு தினமும் போய்ப் படுத்துக்கறா. அப்படி என்னதான் போடறீங்க? பள்ளிக்கூடப் பாவாடையைப் பிடிச்சுப் பிடிச்சுத் தைக்கிறேன், இடுப்புல நிக்கல. உங்க சமையல்ல ருசி இருந்து என்ன, சத்து இல்லையே!"

உனைசியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தாள் வாசிதி. ஜெயித்த மாதிரி இல்லை.

பாத்திரத்தைப் பாயில் வைத்தாள். "சரி, அவளை நீங்களே வச்சுக்கோங்க அண்ணி. உங்க கையால சாப்பிட்டாலும் என் பொண்ணுதானே. ராத்திரி மட்டும் அனுப்புங்க. என் முன்னாடி ஒரு வாய் சாப்பிடட்டும், அது போதும்."

உனைசி பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். அப்படியே மூடினாள். வாசலுக்கு வெளியே கடற்கரையில், அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, செனிமிலி வேகவேகமாக நடந்துகொண்டிருந்தாள்.

"இங்க கூப்பிடறப்பெல்லாம், 'அம்மா வயிறு முட்டப் போட்டுட்டாங்க அத்தை'ன்னு சொல்றாளேடி..."