நசுங்காத பம்பர்

"அலுமினியமே போடுங்க," என்றாள் மனைவி, மூன்றாவது தடவையாக.

கடைக்காரர் கணவரைப் பார்த்தார். கணவர் உச்சுக்கொட்டினார்.

மகளுக்காக வாங்கிய வண்டி கடை வாசலில் நின்றது. கால்நடை மருத்துவராக மலைப்பக்கம் வேலை கிடைத்திருந்தது அவளுக்கு. சேறு, கல், பள்ளம் எல்லாவற்றிலும் ஏறி இறங்க வேண்டிய வண்டி. அவள் ஊருக்குக் கிளம்புவதற்குள் முன்பக்கம் நல்ல பம்பராக ஒன்று மாட்டிவிடலாம் என்று அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். வந்து ஒரு மணி நேரம் ஆகிறது.

"இவளுக்கு எதுலயும் அழகுதாங்க முக்கியம்," என்றார் கணவர். "பளபளன்னு இருக்கவும் மயங்கிட்டா."

கடைக்காரர் பொறுமைசாலி. "மேடம், அலுமினியம் மோசம்னு நான் சொல்லமாட்டேன். எடை பாதிதான். துருப்பிடிக்காது. வண்டி மூக்கு தொங்காது. ஆனா விலை கூட. பலமா மோதினா நசுங்கிடும், நிமித்தறதும் கஷ்டம். ஸ்டீல் அப்படியில்லே. கனமா இருக்கும், ஆனா சும்மா கல்லு மாதிரி நிக்கும்."

"கேட்டியா? காசையும் கூடக் குடுத்து நசுங்கறதை வாங்கணுமா?"

"நசுங்கட்டும்."

உள்ளே வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கூட முகமூடியைத் தூக்கிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"நம்ம பொண்ணு ஓட்டப்போற வண்டி அது!" கணவரின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "அவ உசுரைவிட உனக்கு மினுமினுப்பு பெருசாப் போச்சா? பெத்தவ பேசற பேச்சா இது?"

அவள் பக்கத்திலிருந்த அலுமினிய பம்பரை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வேறு எல்லோருக்கும் அவள்மேல் எரிச்சலாக இருந்தது.

சண்டையைத் தீர்த்துவைக்கிற நினைப்பில் கடைக்காரர் ஒரு சுத்தியலை எடுத்தார். மாதிரிக்கு வைத்திருந்த ஸ்டீல் பம்பர்மேல் ஓங்கி ஒரு போடு போட்டார். கடை அதிர்ந்தது.

"பாத்தீங்களா மேடம்? எதுல வேணாலும் மோதுங்க. துணியால ஒரு துடை. அவ்வளவுதான். மோதினதே தெரியாது."

அவள் விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள்.

"கோவம் வந்துடுச்சு," கணவர் சிரித்துச் சமாளித்தார். "ஒரு நிமிஷம், கூட்டிட்டு வந்துடறேன்."

வண்டிக்கு அந்தப் பக்கம், யார் கண்ணிலும் படாமல் நின்றிருந்தாள்.

"என்ன கூத்து இது? நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கறே?"

"மோதினதே தெரியாதுன்னாரே, கேட்டீங்களா?"

"ஆமா. நல்லதுதானே?"

"தைலமரத்து வளைவுல நடந்தது உங்களுக்கு மறந்தே போச்சா?"

அவர் சட்டென்று கடைப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "மெதுவாப் பேசு. ஆறு வருஷம் ஆச்சு. அது ஆடுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

"ஆடு செருப்பு போட்டுக்கிட்டா நடக்கும்?"

அவர் குனிந்து டயரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

"சாயங்காலம், நல்ல மழை. 'நிறுத்துங்க, நிறுத்துங்க'ன்னு கத்தினேன். நீங்க வீட்டு வாசல்ல வந்துதான் நிறுத்தினீங்க. டார்ச் அடிச்சு நம்ம பழைய ஜீப்போட ஸ்டீல் பம்பரைப் பாத்தீங்க. 'ஒரு கீறல்கூட இல்லே, பெருசா ஒண்ணும் பட்டிருக்காது'ன்னுட்டு, கையைக் கழுவிட்டு வந்து உக்காந்தீங்க. நானும் தட்டை வச்சு சாப்பாடு போட்டேன்."

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"நாம சாப்பிட்டு எழுந்தப்பவும் அந்தப் பொம்பளைக்கு உசுரு இருந்துச்சுங்க. விடியற வரைக்கும் இருந்துச்சாம். பேப்பர்ல படிச்சோமே, ரெண்டு பேரும் சேர்ந்துதானே படிச்சோம்? முன்பக்கம் நசுங்கின வண்டியைத் தேடிப் போலீஸ் வீடுவீடா வந்தாங்க. நம்ம வாசலுக்கும் வந்தாங்க. ஜீப்பைத் தடவிப் பாத்துட்டு, 'இது இல்லே'ன்னு அவங்களே சொன்னாங்க. குடிக்கத் தண்ணி கேட்டாங்க. நான்தான் கொண்டுவந்து குடுத்தேன். குடுத்தப்பவும் நான் வாயைத் திறக்கலே."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"போனவ வரப்போறதில்லே. ஆனா நாளைக்கு நம்ம பொண்ணு யாரையாவது தட்டிட்டா, அந்த வண்டி அவளைக் காட்டிக் குடுக்கணும். துடைச்சுட்டு வீட்டுக்கு வர முடியாதபடி நசுங்கித் தொலையணும். நல்ல புத்தியில இல்லேன்னாலும், வேற வழியில்லாமயாவது அவ அங்க இறங்கி நிக்கணுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. பிறகு அவள் தோளில் கை வைத்தார்.

"நீ வண்டியில உக்காரு. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அந்தக் கையைத் தானாகப் பிடித்து, அழுத்தி, விட்டாள். மனசு கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே கடைக்காரர் காத்திருந்தார். "என்ன சார், மேடம் என்ன சொல்றாங்க?"

"பொண்ணைப் பெத்தவன் நான்," என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டே. "ஸ்டீலே மாட்டுங்க."