புங்கங்கட்டை

"ஆசிட்டை ஊத்துறியா, இல்லியாம்மா?" என்றார் கலியமூர்த்தி.

வனஜா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஊத்திகினுதான் கீறேன் சார். அதுக்குச் சாவு வரல. நான் இன்னா பண்றது?"

முகப்பேரின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர்தான் சங்கச் செயலாளர். போன புயலில் வாசல் புங்கமரம் சாய்ந்தது. அறுத்து அள்ளிக்கொண்டு போனதில் முழங்கால் உயரக் கட்டை மட்டும் மிச்சம்.

வேர் செத்தால் கட்டையைப் பெயர்த்துவிட்டு அங்கே கார் நிறுத்தலாம். கார் வந்தால் வனஜாவின் தேய்ப்பு வண்டிக்கு இடம் கிடையாது.

சாகடிக்கும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டியிருந்தார்.

கட்டை சாகிற வழியைக் காணோம். முதலில் எறும்பு வந்து குடியேறியது. மழைக்குக் காளான் குடை பிடித்தது. எங்கிருந்தோ கோவைக்கொடி வந்து தொற்றிக்கொள்ள, பழத்துக்கு அணில் வந்தது. அப்புறம் பட்டையைக் கிழித்துக்கொண்டு புங்கங்கொழுந்து, கொத்துக் கொத்தாக. இப்போது வனஜாவின் இடுப்புக்கு நிற்கிறது.

"என் கண்ணு முன்னாடி ஊத்து."

வனஜா அவரையே ஒரு பார்வை பார்த்தாள். வண்டிக்கு அடியிலிருந்து ஆசிட் பாட்டிலை எடுத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தள்ளி நில்லு சார். கண்ணு அவிஞ்சிரும்."

அவர் கைக்குட்டையை மூக்கில் அழுத்தியபடி கேட் வரைக்கும் பின்வாங்கினார். கொழுந்தின் தலையிலிருந்து அடிவேர் வரை வழிய வழிய ஊற்றினாள்.

அவருக்குத் திருப்தி. "நாளைக்குப் புது பாட்டில் தரேன்." திரும்பியவர் வாட்ச்மேன் அறைப் பக்கம் கையைக் காட்டினார். "கஜபதியைப் பார்த்துக் கத்துக்கோ. கறை புடிச்சுக் கிடந்த கக்கூசைப் பளிங்கு மாதிரி ஆக்கிட்டான். வேலைன்னா அது."

"அண்ணாத்தே கை ராசி சார்," என்றாள் வனஜா.

கஜபதி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

செயலாளர் மாடியேறிப் போனார். அவருடைய வெள்ளைச் சட்டை பலகைமேல் காய்ந்து மொடமொடவென்று கிடந்தது.

வனஜா பாட்டிலில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் ஊற்றி, சட்டை முழுக்கத் தெளித்தாள். பெட்டியை வைத்து அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தாள்.

ஆவி பறந்தது.