விறாந்தையில் குடம் குடமாகத் தண்ணீர்

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலுக்கு இரண்டு கை தண்ணீர் தெளிப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பாக்கியலெட்சுமி குடம் குடமாக ஊற்றுவாள். அதுவும் வாசலில் இல்லை, தன் அரிசிக் கடையின் முன்பக்க விறாந்தையில், மார்கழிக் குளிரில்.

பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம். தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து போக்கிடம் இல்லாமல் திரிகிற சனங்கள், இருட்டினால் கடைத்தெரு விறாந்தைகளில்தான் முடங்குவார்கள். நமுனுகுல மலையிலிருந்து இறங்குகிற காற்று எலும்பு வரைக்கும் போகும். இந்தப் புண்ணியவதியின் கடையில் மட்டும் ஒருத்தரும் தலைசாய்க்க முடியாது.

ராமாமிர்தத்துக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அதே தெருவில் புடவைக் கடை வைத்திருப்பவர். கோயில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, மார்கழி முழுக்க விறாந்தை விறாந்தையாகப் போய்க் கஞ்சியும் கம்பளியும் கொடுத்து வருகிறவர். அன்றைக்கு அவர் கஞ்சி வாளியோடு வந்தபோது, கைப்பிள்ளையோடு ஒருத்தி அந்த நனைந்த விறாந்தைக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"என் விறாந்தை, நான் கழுவுறேன்."

"பச்சப்புள்ளயோட நிக்கிறா. ஒரு ராத்திரி படுத்துட்டுப் போனா உங்க அரிசி குறைஞ்சா போயிடும்?"

"மொதல்ல கடைக்கு முன்னால கூட்டம் போடாதீங்க தம்பி. யாவாரம் கெடுது."

"உங்க வீட்டுக்காரர் போறப்போ கடையை விட்டுட்டு, உங்க மனசைக் கையோட கொண்டு போயிட்டார் போல."

தெருவே கேட்கிற மாதிரிதான் சொன்னார். எதிர்க்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பாக்கியலெட்சுமி குடத்தை இடுப்பில் வைத்தபடி அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நீ வாம்மா. என் கடை விறாந்தை இருக்கு," என்று ராமாமிர்தம் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

பேர் பெரியாயி என்றாள். பூனாகலைப் பக்கத்துத் தோட்டம். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். மடுல்சீமையில் அண்ணன் இருக்கிறான், எப்படியாவது அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்றாள்.

ராமாமிர்தம் நல்ல கம்பளியாகப் பார்த்துக் கொடுத்தார். தலைமாட்டில் ஓர் அரிக்கேன் விளக்கையும் கொண்டுவந்து தொங்கவிட்டார்.

"வெளக்கு வேணாங்க சாமி."

"இருட்டுல நாய் நரி வரும். இருக்கட்டும்."

"இருட்டே நல்லதுங்க."

கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். திரியை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டு, திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

காலையில் தேத்தண்ணிச் செம்போடு வந்தால் பெரியாயி இல்லை. தலைப்பாகை கட்டிய தோட்டத்துக் கங்காணி ஒருவர், இரண்டு ஆட்களோடு விறாந்தையில் நின்றார்.

"மொதலாளி, ராத்திரி இங்க வெளக்கு எரிஞ்சுச்சாமே. கைப்புள்ளக்காரி ஒருத்தி படுத்திருந்தாளாமே."

"ஆமா, அதுக்கென்ன?"

"தொரைகிட்ட விடுதலைத் துண்டுச் சீட்டு வாங்காம தோட்டத்தை விட்டு ஓடியாந்தவ. புடிச்சா ஜெயில்தான். எடம் குடுத்தவங்களுக்கும் கேஸ் உண்டு, பாத்துக்குங்க."

ராமாமிர்தம் தேத்தண்ணிச் செம்பைக் கீழே வைத்தார். இத்தனை வருஷமாகக் கஞ்சி ஊற்றுகிறார். இந்தச் சனங்கள் எதற்குப் பயந்து ஒளிகிறார்கள் என்று ஒரு நாளும் ஒருத்தரிடமும் கேட்டதில்லை.

"எங்க போனாளோ எனக்குத் தெரியாது கங்காணி," என்றார். அது உண்மைதான்.

வந்த ஆட்களில் ஒருத்தன், "அந்த அரிசிக் கடையில பாப்பமா?" என்றான்.

கங்காணி சிரித்தார். "அங்கயா? அந்தம்மா கடையில ஈ காக்கா ஒதுங்காது. நேத்து மொதலாளியே தெருவுல நின்னு கிழி கிழின்னு கிழிச்சாராமே. வாடா, ஹாலிஎல ரோட்டுல போய்ப் பாப்போம்."

அவர்கள் கண்ணுக்கு மறைகிற வரை ராமாமிர்தம் அங்கேயே நின்றார். பிறகு கோபமெல்லாம் பாக்கியலெட்சுமி மேல் திரும்பியது. ஒரே ஒரு ராத்திரி அவள் உள்ளே விட்டிருந்தால், அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பனியில் ஓடியிருக்க வேண்டாம். நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று போனார். முன்கதவு பூட்டியிருந்தது. பின்சந்தால் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினார்.

கதவு ஒரு சாண் திறந்தது.

"மெதுவா வாங்க. இப்பத்தான் புள்ள தூங்குது."

உள்ளே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் சாக்கு விரித்து, ஆறேழு பேர் கதகதப்பாகப் படுத்திருந்தார்கள். சுவரோரம் பெரியாயி. அவர் கொடுத்த கம்பளி பிள்ளையின் மேல் இருந்தது.

"உங்க வெளக்கைப் பாத்ததுலருந்து எனக்குப் பொறுக்கல. தெரு அடங்கினதும் போய்க் கூட்டியாந்துட்டேன்," என்றாள் பாக்கியலெட்சுமி. "நேத்து நீங்க குறுக்க வராம இருந்திருந்தா அப்பவே பின்பக்கமா வரச் சொல்லியிருப்பேன். முன்னால ஆள் படுத்துக் கெடந்தா கங்காணி வருவான். வந்தவன் உள்ளயும் எட்டிப் பாப்பான். ஈரத்துல யாரும் படுக்க மாட்டாங்கன்னு பேசாம போயிடுறான். நாளைக்கு நம்ம அரிசி வண்டி மடுல்சீமைக்குப் போகுது. இவளை அண்ணன்கிட்ட சேர்த்துடுவாங்க."

ராமாமிர்தத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மன்னிச்சுக்கங்க அக்கா. தெருவுல வெச்சு உங்களை அப்படிப் பேசிட்டேன். இனிமே உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"ஐயையோ, அப்படி நிறுத்திப்புடாதீங்க தம்பி. சாயங்காலம் தண்ணி ஊத்துறப்ப வந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டிட்டுப் போங்க."