ஒன்றரை மணி நாடகம்

நாடகம் தொடங்கி நான்காவது நிமிடத்தில்தான் அது தன் வீட்டுக் கதை என்று அவளுக்கு உறைத்தது.

அதுவரை காதில் ஹெட்போனோடு, ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

காலை ஐந்தரையிலிருந்து அந்த நாற்காலியில்தான் இருக்கிறாள். தேசிய வானொலியில் பகல்நேர அறிவிப்பாளர் வேலை என்பது கல்யாண வீட்டு வாசலில் நிற்பது மாதிரி. உடற்பயிற்சி சொல்பவர் போனால் பூச்சிமருந்து நிபுணர் வருவார். அவர் போனால் பல் டாக்டர், பிறகு சந்தை நிலவரம், நேயர் விருப்பம், ஒரு மணிச் செய்தி. வருகிற எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டு உட்காரவைத்து, மனம் கோணாமல் வழியனுப்ப வேண்டும்.

ஒன்றரைக்கு நாடகம். ஏற்கெனவே பதிவு செய்தது. அந்தப் பதினைந்து நிமிடம் அவள் வாய்க்கு ஓய்வு.

எழுதியவள் அவளுடைய சிநேகிதி. மாடியில் நாடகப் பிரிவில் இருக்கிறாள். பதினோரு வருடமாக இருவருக்கும் ஒரே மேசையில்தான் மதியச் சாப்பாடு. காலையில் தேநீர் எடுக்கப் போன இடத்தில், படிக்கட்டில் பார்த்தபோதுகூடக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு என் நாடகம் வருதுடி. கேட்டுட்டு உண்மையைச் சொல்லணும், சும்மா நல்லா இருக்குன்னு மழுப்பக் கூடாது."

நாடகத்தில் ஒரு பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. மாமியார் ஜாடையாகப் பேசுகிறாள். நாத்தனார் நேராகவே பேசுகிறாள். ஆசிரியை வாயைத் திறப்பதில்லை. குறை தன்னிடம் இல்லை, கணவனிடம்தான் என்று அவளுக்குத் தெரியும். வெளியே சொல்வதில்லை என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

பள்ளி ஆசிரியையாம். வானொலி அறிவிப்பாளர் என்று எழுதாமல் விட்டாளே, அந்த மட்டில் புண்ணியம்.

தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

போன வருடம் ஒரு மதியம், தாங்க மாட்டாமல் சிநேகிதியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். மாமியார் அன்று காலையில் சொன்ன வார்த்தை அப்படி. எட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை. செத்தாலும் இந்த மேசையைத் தாண்டிப் போகாது என்று சிநேகிதி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். இப்போது நாடு முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறது.

வீட்டில் மாமியார் ரேடியோ பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார். ஒன்றரை மணி நாடகம் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கணவனின் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். பெண்டாட்டி குரல் வருகிறதே என்று காலையில் போட்டால் கடை மூடும்வரை அணைக்க மாட்டான்.

அவனை நினைத்ததும்தான் அழுகை முட்டியது. என்னை நம்பித்தானே இருந்தான். கடைசியில் நானே காட்டிக்கொடுத்துவிட்டேனே. சாயங்காலம் எந்த முகத்தோடு அவன் முன்னால் போய் நிற்பது?

நிறுத்திவிடலாம். பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கோளாறு, வருந்துகிறோம் என்று சொல்லி ஒரு பாட்டைப் போட்டுவிடலாம். நாளைக்கு எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும்.

பொத்தானில் விரலை வைத்தாள்.

அப்போது காதுக்குள் காகிதம் கிழிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில், காருக்குள் கணவனும் மனைவியும். அவன் பரிசோதனைச் சீட்டைச் சுக்குநூறாகக் கிழிக்கிறான். துண்டுகளை எங்கே போடுவதென்று தெரியாமல் அழுகிறான். மனைவி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அத்தனையையும் அதற்குள் அள்ளிப் போட்டு மூடுகிறாள்.

டப்பா மூடுகிற சத்தம் அவ்வளவு சரியாக இருந்தது.

விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னது டாக்டர் சொன்னதை மட்டும்தான். காரைப் பற்றிச் சொல்லவில்லை. டப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் அழுததை இன்னொருத்தியிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. சிநேகிதியிடம் மட்டுமல்ல, பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தக் காருக்குள் இருந்தது இரண்டே பேர்.

சிநேகிதி இந்த வருடத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் பவர் சரியாக வரவில்லையென்று திரும்பத் திரும்பக் கடைக்குப் போனாள். இவள்தான் கணவனிடம் சொல்லி, பணத்தில் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள்.

இரண்டு வாய் சொல்லிக் கேட்ட கதை. எந்த வாய் எதைச் சொன்னது என்பது எழுதும்போது சிநேகிதிக்கு மறந்துபோயிருக்கிறது. அவ்வளவுதான்.

நாடகத்தில் மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டு சமாதானமானார்கள். வயலின் எழுந்து அடங்கியது.

"அக்கா, பத்து செகண்ட்," என்றார் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த டெக்னீஷியன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அறிவிப்புச் சீட்டை எடுத்தாள். எழுதியவரின் பெயரைச் சொன்னாள். நடித்தவர்கள் ஐந்து பேரைச் சொன்னாள். ஒலிச்சேர்க்கை, தயாரிப்பு. குரல் பிசிறவில்லை.

சீட்டு அதோடு முடிந்தது. அவள் முடிக்கவில்லை.

"கதை உதவி," என்றாள். ஒரு நொடி விட்டு, தன் கணவனின் பெயரை முழுப் பெயராக, தகப்பன் பெயரோடு சேர்த்து, நிதானமாகச் சொன்னாள்.

டெக்னீஷியன் தன்னிடமிருந்த சீட்டில் அந்த வரியைத் தேடிக்கொண்டிருந்தார்.