குழந்தை மாதிரித் தூக்கம்

"ஊதுங்க, ஓனோதெரா-சான்" என்றாள் ஃபுமியே ஓனோதெரா, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற தன் புருஷனிடம்.

வீட்டில் அவருக்கு அவள் 'ஏய்'. அவளுக்கு அவர் 'என்னங்க'. கெசென்னுமா துறைமுகத்து மீன் லாரி அலுவலகத்தில், வண்டி கிளம்புமுன் நடக்கும் விசாரணையில் மட்டும் இருவரும் முன்பின் தெரியாதவர்கள். அவர் தொப்பியைக் கழற்றி இடுப்பை வளைத்து வணங்குவார். காலையில்தான் ஈரத்துண்டைப் பாயில் போட்டதற்கு அவரை நார்நாராகக் கிழித்தவள், அதே மரியாதையோடு பதிலுக்கு வணங்குவாள்.

ஷோஸோ குழாயில் ஊதினார். கருவி பூஜ்யம் காட்டியது. குடி இல்லை.

அந்த மூச்சை ஊரே அறியும். அவர் குறட்டையைப் பனிமூட்டத்துக்கு ஊதும் சங்கு என்று நினைத்து, கணவாய் மீன் பிடிக்கப் போன படகு ஒன்று பாதியில் கரைக்குத் திரும்பியதாம். அந்த வீட்டுக் கூரையில் கடற்காகங்கள் தங்குவதில்லை. எதிர்வீட்டு டோஃபு கடைக்காரர் அலாரம் வைப்பதை விட்டு வெகுகாலமாயிற்று.

சத்தம்கூடப் பரவாயில்லை. நடுவில் அது நின்றுபோகும்.

அப்போது பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்காரும். தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். ஃபுமியே விலாவில் ஒரு குத்து விடுவாள். நீரில் முங்கியவன் தலை தூக்கியதுபோல ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, ஷோஸோ மறுபடி படகுகளைக் கரைக்கு அழைக்க ஆரம்பிப்பார்.

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" இது விதிப்படி அடுத்த கேள்வி.

"குழந்தை மாதிரி."

பின்னால் தன் முறைக்காக நின்ற ஓட்டுநர் கிகுதா கேட்டான்: "எந்தக் குழந்தைண்ணே? திமிங்கலத்தோடதா?"

"சிரிடா, நல்லாச் சிரி. மிஷினே சொல்லிடுச்சு, எனக்கு மூச்சு சுத்தம்னு."

சொல்லத்தான் செய்தது, ஊதும் கருவியல்ல, வேறொரு மிஷின். மீனை வாங்கும் கம்பெனி, தூக்கத்தில் மூச்சு நிற்கும் ஓட்டுநர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒவ்வொருவரும் ஒரு சின்ன மிஷினை விரலில் மாட்டிக்கொண்டு ஓர் இரவு படுக்க வேண்டும். தேறாதவர் முகத்தில் காற்றுக் குழாயை மாட்டித் தூங்கிச் சீராகும்வரை வண்டியைத் தொடக்கூடாது.

முதலில் அகப்பட்டவர் ஓட்டுநர் தாயமா. அவரை வண்டி கழுவப் போட்டார்கள். ரப்பர் பூட்ஸோடு நின்று, தான் ஓட்டிய வண்டிக்கே தண்ணீர் அடித்தார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். இப்போது பகலில்கூட அவர் வீட்டுத் திரை விலகுவதில்லை.

மிஷினை மாட்டிக்கொண்டு படுத்த ராத்திரி, "தாயமா மாதிரி என்னை நிக்க வச்சிடாத" என்று முனகியபடியேதான் ஷோஸோ தூங்கினார். சாமியிடம் சொன்னாரோ, மிஷினிடம் சொன்னாரோ.

முடிவு வந்தது. ஒரு குறையும் இல்லை. துறைமுகம் வாயைப் பிளந்தது, கப்பல்கள் உள்ளே போய்விடும் அளவுக்கு. முதலாளி மகிழ்ந்துபோய், எல்லாவற்றிலும் தூரமான டோக்கியோ ஓட்டத்தை அவருக்கே தூக்கிக் கொடுத்தார்.

இன்றைக்கும் அதுதான். சூரை மீன் பெட்டிகள் ஏற்றியாயிற்று.

ஷோஸோ கொட்டாவி விட்டார், கடைவாய்ப் பல்லின் வெள்ளி தெரிய. கண் இரண்டும் வேகவைத்த நண்டு நிறம். போன வாரம் நட்டநடுப் பகலில் துறைமுக வாசல் தூணில் வண்டியை உரசினார். தூண்தான் குறுக்கே வந்தது என்றார்.

சாவி ஃபுமியேவின் கையில் இருந்தது. ஓட்டுநரின் முகம் சரியில்லை என்று அவள் சொல்லிவிட்டால் போதும், முதலாளியே வந்து நின்றாலும் வண்டி நகராது. விதி அப்படி.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "என்னங்க, இன்னிக்கு வேணாமே."

ஜன்னலுக்கு முன்னால் யாரும் அப்படிப் பேசி அந்த அலுவலகம் கேட்டதில்லை.

"பொறுப்பாளரம்மா, இது ஆபீஸ்" என்றார் ஷோஸோ. கிகுதா தோள் குலுங்கச் சிரித்தான். "இன்னொண்ணும் சொல்லிடறேன். இனிமே ராத்திரி விலாவுல குத்தாத. மிஷின் சொன்னப்புறமும் குத்தினா, அது என்மேல இருக்கற பகை."

ஃபுமியே வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் நாளைக்குக் காலையில் ரப்பர் பூட்ஸ். அதற்கப்புறம் மூடிய திரை.

சாவியை இரு கைகளாலும் நீட்டினாள். "பத்திரமாப் போயிட்டு வாங்க."

ஷோஸோ இரு கைகளாலும் வாங்கி, வணங்கி, தொப்பியைப் போட்டுக்கொண்டார். வெயிலில் பளபளத்துக்கொண்டு வண்டி வாசல் தூணைத் தாண்டிப் போனது. இந்தத் தடவை உரசவில்லை.

"இனி நீங்களும் நிம்மதியாத் தூங்கலாம்க்கா" என்றான் கிகுதா.

மிஷின் பொய் சொல்லவில்லை.

அதை மாட்டிக்கொண்டு அவர் படுத்த அந்த ராத்திரி, மூச்சு நின்றதும் அதன் குட்டித் திரையில் எண் சரிந்துகொண்டே போனதைப் பார்த்தவள் ஃபுமியே. அதை அவர் விரலிலிருந்து மெல்லக் கழற்றித் தன் விரலில் மாட்டிக்கொண்டாள். அவர் எழுவதற்குள் திரும்ப மாட்டியும்விட்டாள்.

இடையில் அவள் கண்ணை மூடவே இல்லை. பக்கத்தில் மூச்சு நிற்கும்போதெல்லாம் குத்திக்கொண்டு விழித்துக் கிடந்தவளின் மூச்சு, விடியும்வரை ஓரிடத்திலும் நிற்கவில்லை.