நனைத்த வேட்டியில் பினாங்கு மாப்பிள்ளை

சாணார்பட்டி ஒச்சப்பனின் வெங்காயக் கிட்டங்கியில் அன்று பகல் இருந்தவர்கள் ஏழு பேர். பெண்ணின் தகப்பனார் ஒச்சப்பன், தாயார் பேச்சாயி, சித்தி கருப்பம்மாள், தாய்மாமன் கருப்புசாமி, மணப்பெண் ஆகவேண்டிய சொர்ணலட்சுமி, மாப்பிள்ளையின் தகப்பனார் திண்டுக்கல் நல்லுசாமி, படம் காட்ட வந்த பவுல்ராஜ். எட்டாவதாகத் தானும் இருந்ததாகச் சொல்லித் திரிகிற எவரும் அங்கே இல்லை.

மாப்பிள்ளை ஆவுடையப்பனுக்குப் பினாங்கில் வேலை. மற்றவர்கள் போட்டோ அனுப்புவார்கள். அவனோ தன்னையே ஓர் ஊமைப்படமாக எடுத்து அனுப்பியிருந்தான். படம் பார்த்துப் பிடித்துவிட்டால் அங்கேயே தட்டு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. இதற்கு முன் மூன்று இடங்கள் கடைசி நேரத்தில் தவறிப்போயிருந்தன. நாலாவதும் தவறினால் நல்லுசாமி திண்டுக்கல்லில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

அதனால் படம் துலக்கமாக விழவேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். ஜன்னல் இடுக்குகளில் சாக்கைத் திணிக்கச் சொன்னார். சின்னாளபட்டிப் புது வேட்டியைத் தண்ணீரில் நனைத்து, நாலு மூலையும் விறைப்பாக இழுத்துக் கட்ட வைத்தார்.

"ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. எம் மகன் மூஞ்சி கோணிரும். அண்ணே, தோட்டத்துப் பம்பு செட்டையும் செத்த நேரம் நிப்பாட்டுங்க. வெளக்குக்குக் கரண்டு பத்தல."

"நாத்துக்குத் தண்ணி பாயுதே!" என்றார் ஒச்சப்பன்.

"நாத்து நாளைக்குக் குடிக்கும். மாப்பிள்ளை இன்னைக்குத் தெரியணும்ல?" என்று கருப்புசாமி போய் நிறுத்திவிட்டு வந்தார்.

பெண்கள் மூவரும் பாயை எடுத்துக்கொண்டு வேட்டிக்கு அந்தப் பக்கம் போனார்கள். ஆண்களோடு சரிசமமாக உட்காரும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"பின்னால வேணாம் தாயி! அங்கிட்டுப் படம் துலங்காது" என்று நல்லுசாமி அவசரமாகத் தடுத்தார்.

"நனைச்ச வேட்டிங்கய்யா. ரெண்டு பக்கமும் பளிச்சுன்னு தெரியும்" என்றார் பவுல்ராஜ், தொழில் பெருமையோடு. நல்லுசாமி அவரை முறைத்தார்.

படம் ஓடியது. மூடிய கிட்டங்கியில் வெங்காய நெடி ஏறி எல்லார் கண்ணிலும் நீர் கட்டியது.

"ஏப்பா, படம் கலங்குதே. திருகி விடு" என்றார் கருப்புசாமி.

"படம் கலங்கலண்ணே, உங்க கண்ணுதான் கலங்குது."

"இன்னும் தாலியே கட்டல, அதுக்குள்ள மாப்பிள்ளை நம்மள அழுக வச்சுட்டாரே!"

ஒச்சப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். "கடை போர்டுல என்னமோ எழுதியிருக்கே. ஒரு எழுத்தும் பிடிபடலியே?"

"அது மலாய் எழுத்துண்ணே" என்றார் நல்லுசாமி.

ஆவுடையப்பன் காரிலிருந்து இறங்கினான், கும்பிட்டான், இலையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். உடனே வேட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"அடியே! மாப்பிள்ளைக்கு நொட்டாங்கை!" கருப்பம்மாளின் குரல். "ஆமாடி, இடது கையாலதான் திங்கிறாரு!" என்றாள் பேச்சாயி. வளையல்கள் குலுங்கின. சொர்ணலட்சுமியும் சிரிப்பது கேட்டது.

நல்லுசாமி விறைத்து எழுந்தார்.

"நிப்பாட்டுங்க சிரிப்பை! துணிக்குப் பின்னால பார்த்தா இடது வலதாத்தான் தெரியும். கண்ணாடியில மூஞ்சி பார்த்ததில்லையா? எம் மகன் சோத்துக்கையாலதான் சாப்பிடுவான். சந்தேகம்னா இங்கிட்டு வந்து பாருங்க!"

பவுல்ராஜ் ரீலைத் திரும்ப ஓட்டினார். பெண்கள் முன்பக்கம் ஓடிவந்தார்கள், வலது கை. ஒச்சப்பன் பின்பக்கம் ஓடினார், இடது கை. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட ஆசைப்பட்ட கருப்புசாமி, வேட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடி வெங்காயத்தில் வழுக்கி உட்கார்ந்தார். "அண்ணாச்சி சொன்னது சரிதான்!" என்று தரையிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். நல்லுசாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆனால் பேச்சாயியின் முகத்தில் சிரிப்பு அணைந்துவிட்டது. வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து மெல்லத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"அப்ப இது நடக்காதுண்ணே. மன்னிச்சிருங்க."

"ஏன் தாயி? அதான் சோத்துக்கைன்னு பாத்தாச்சே!"

"அதனாலதான். எங்க சொர்ணத்துக்கு எல்லாமே நொட்டாங்கை. அவ பரிமாறுறதப் பாத்துட்டு நாலு இடத்துக்காரவுக பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டாக. அவளுக்குத் தோதா ஒருத்தர் கெடச்சுட்டாருன்னுதான் அம்புட்டுச் சிரிச்சோம். மறைச்சுக் கட்டிக்குடுத்து, நாளைக்கு அவ வந்து கண்ணக் கசக்கக் கூடாதுல்ல?"

பவுல்ராஜ் ஓட்டுக்கூரையை எண்ணுவதுபோல் அண்ணாந்து நின்றார்.

நல்லுசாமி துண்டைச் சரிசெய்து, முதுகு வளையாமல் நிமிர்ந்து நின்றார்.

"தட்டை இங்கிட்டு வைங்க தாயி. நீங்க மொதல்ல பார்த்ததுதான் நெசம். ரீலை இடது வலதாத் திருப்பி மாட்டச் சொன்னவன் நாந்தான்!"