பாஸ்வேர்டு மாறாதவர்கள்

சிஸ்டம் மேனேஜர் சாம்பசிவனுக்கு அடங்காத சர்வர் திருவனந்தபுரத்தில் கிடையாது, அவரே சொல்லிக்கொள்வார். அந்த வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எல்லோரும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டிய நாள்; பாதிப் பேருக்கு மாறவில்லை. புதிதாக எதைப் போட்டாலும், 'உங்களுக்கு இனி தேவையில்லை' என்றது சர்வர். அப்படியொரு வாசகத்தை யாரும் அதில் எழுதி வைக்கவில்லை. பர்மிஷனைத் திருத்தினார், சர்வரை அணைத்துப் போட்டார், மலையாளத்தில் திட்டியும் பார்த்தார். அவருடையதே மாறவில்லை.

பக்கத்து மேசை ஸ்மிதா சிரித்தாள். "சாரே, மாறாதவா எல்லாரும் நாளைக்குப் பொன்முடி மலைக்கு டூர் பஸ்ல போறவா, கேட்டேளா? நான் போகல, எனக்கு மாறியாச்சு."

"அசடு மாதிரி பேசாதே. சர்வருக்கு டூர் தெரியுமா?"

பிறகு, சும்மா ஒரு சோதனைக்கு, டூர் ஏற்பாடு செய்த வினய்க்குப் போன் போட்டு, வயிற்றுவலி, வரவில்லை என்றார். அடுத்த நொடி அவர் பாஸ்வேர்டு மாறியது.

"அய்யோ, வயத்துவலியா?" என்றாள் ஸ்மிதா. "அப்போ சாரோட சீட்ல நான் போறேன். வினய்ட்ட பறஞ்சுடறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பியவள் தன் திரையைப் பார்த்தாள். "இதென்ன, எனக்கும் இனி தேவையில்லையாம். நல்லதாப் போச்சு!"

சாம்பசிவன் புதிய பாஸ்வேர்டை மறந்துவிடாமல் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.